கூட்டம் கலைந்தால் கரு இல்லை

கிள்ளான் பள்ளத்தாக்கின் மருந்துக் கடைகளில் காமாட் எண்ணெய் கேட்டு வாங்குவோர் இன்றும் உண்டு. லங்காவியில் பேர்பெற்ற இந்தக் கைமருந்து கடல் அட்டையிலிருந்து காய்ச்சப்படுகிறது. பிள்ளை பெற்றவளுக்கு ஆயர் காமாட் எனும் அட்டை நீர் கொடுப்பது மலாய்க் குடும்பங்களின் பழைய வழக்கம். கடல் அட்டை எப்படி இனம் பெருக்குகிறது என்பதுதான் பலருக்கும் தெரியாத சங்கதி.

வெளிப்பார்வைக்கு ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே ஒரே ஒரு இனப்பெருக்கச் சுரப்பி, நூல் நூலாகக் கிளைத்த குழாய்க் கொத்தாக. அதில் சிறிது எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால்தான் முட்டையா, விந்தா என்று தெரியும்.

இவை இணை சேர்வதில்லை. ஆண் முன்னுடலைத் தூக்கி நிறுத்தி, மெல்ல ஆடியபடி விந்தைப் புகைபோல் நீரில் விடுகிறது. அந்த வாடை பட்டதும் அருகிலுள்ள பெண் லட்சக்கணக்கான முட்டைகளைப் பீய்ச்சுகிறது. அருகில் என்பதே இங்கே உயிர்நாடி. சில மீட்டர் தள்ளிப் போனாலே விந்து நீரில் கரைந்து நீர்த்துவிடும்; முட்டைகள் கருவாகாமல் வீணாகும். கருவானவை ஏறக்குறைய இரண்டு வாரம் மிதந்து, உருமாறி, பிறகே அடியில் தங்கும். கறுப்பு அட்டை போன்ற சில இனங்கள் உடலை இரண்டாகப் பிளந்தும் பெருகும். விலையுயர்ந்த வெள்ளை அட்டை கடலில் அப்படிப் பெருகுவதில்லை.

1988-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் இந்த வெள்ளை அட்டையின் குஞ்சுகளை முதன்முறையாகப் பொரிக்க வைத்தார்கள். தொட்டி நீரின் வெப்பத்தைச் சில பாகைகள் உயர்த்தியதும் தாய் அட்டைகள் தூண்டப்பட்டு முட்டையிட்டன. நம்மவர் கடற்கரையில் நடந்த இந்தச் சாதனை உரிய அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம். 2001-இல் இந்தியா எல்லாக் கடல் அட்டைகளையும் பிடிக்கத் தடை விதித்தது. அதை நம்பியிருந்த மன்னார் வளைகுடா மீனவர்கள் பிழைப்பை இழந்தார்கள். இலங்கையின் வடக்கிலோ இன்று கடல் அட்டைப் பண்ணைகள் நடக்கின்றன.

உலர்ந்த அட்டைக்கு அளவு கூடக் கூட விலையும் கூடும். அதனால் முதிர்ந்த தாய் அட்டைகளே முதலில் கரையேறுகின்றன. மிஞ்சியவை ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் கிடக்கும். எண்ணிப் பார்த்தால் நூறு இருக்கலாம், குஞ்சு ஒன்றுகூட வராது. ஆகவே தொட்டியில் பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுவோர் அவற்றைத் தூவிவிடாமல் ஓரிடத்தில் நெருக்கமாக விட வேண்டும். வளர்ந்த பின்னும் அந்தத் திட்டில் யாரும் கை வைக்கக் கூடாது.