ஒரு நோயாளி, நான்கு மருந்துச் சீட்டுகள்

சாந்த்ராகாச்சியில் நம்மவர் வீடுகளில் சர்க்கரை, இரத்த அழுத்தம், மூட்டுவலி மூன்றும் ஒருவருக்கே இருப்பது சகஜம். மூட்டுக்குச் சாப்பிடும் வலி மாத்திரை அழுத்தத்தை ஏற்றலாம், சிறுநீரகத்தையும் கெடுக்கலாம். ஒவ்வொரு டாக்டரும் தம் பகுதியை மட்டும் பார்த்தால் இதை யார் கவனிப்பது? ரயில்வேயில் தண்டவாளம், சிக்னல், எஞ்சின் எனத் தனித்தனி இலாகாக்கள் உண்டு. வண்டி என்னவோ ஒன்றுதான்.

மருத்துவப் படிப்பும் வெகுகாலம் துறை வாரியாகவே நடந்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிமுகப்படுத்திய குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில், மாணவர் முதலாண்டிலிருந்தே சில கிராமக் குடும்பங்களைத் தொடர்ந்து சென்று பார்க்க வேண்டும். வார்டில் தெரியாத மாத்திரை டப்பா வீட்டில்தான் கண்ணில் படும். பாதி மாத்திரை ஏன் மீந்தது என்பதும் புரியும். பதிவேட்டை நிரப்ப மட்டும் போனால் பயனில்லை.

நாமும் டாக்டரிடம் போகும்போது எல்லா மருந்துகளையும், ஹோமியோபதி புட்டி உட்பட, ஒரே பையில் எடுத்துச் செல்வோம்.