பாயும் துடைப்பமும்: மாண்டிசோரிப் பள்ளி தேடும் பெற்றோர் குறித்துச் சில குறிப்புகள்

1

கல்வி பற்றி நம் பத்திரிகைகளில் நடக்கிற விவாதங்கள் பெரும்பாலும் பாடத்திட்டம், பயிற்றுமொழி, நுழைவுத்தேர்வு என்னும் மூன்றைச் சுற்றியே நடக்கின்றன. மூன்று வயதுக் குழந்தையை எங்கே சேர்ப்பது என்பது வீட்டு விவகாரம், பொம்பளைங்க பேசி முடிக்கிற சமாச்சாரம் என்று ஒதுக்கப்பட்டுவிடுகிறது. ஆனால் யாரோடு உட்காருவது, யாரோடு சாப்பிடுவது என்பதை ஒரு பிள்ளைக்கு முதன்முதலாகத் தீர்மானித்துத் தருகிற இடம் அதுதான். ஊர்/சேரி என்னும் கோடு கல்லூரி விடுதியில் போடப்படுவதற்கு ரொம்பக் காலம் முன்பே எல்.கே.ஜி. வேனில் போடப்பட்டுவிடுகிறது.

எங்கள் வீட்டிலும் மூன்று வயதுப் பிள்ளை இருப்பதால், கடலூரிலும் சிதம்பரத்திலும் பள்ளி தேடி அலைகிற பெற்றோர் பலரோடு பேச வாய்த்தது. இது ஆய்வு அல்ல, பேச்சு. ‘மாண்டிசோரி முறை’ என்று துண்டறிக்கை அடித்த பள்ளிகளைத்தான் இவர்களில் பலரும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளின் வரிசை முக்கியம். வேன் நம்ம தெருவுக்கு வருமா? இங்கிலீஷ் பேசுவாங்களா? அப்புறம், குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அங்க என்ன மாதிரி புள்ளைங்க வருது?” மாண்டிசோரி என்றால் என்ன என்பது நாலாவதாக வந்தது, பல பேரிடம் வரவேயில்லை.

அந்த மூன்றாவது கேள்விக்கு ‘டீசன்ட்டான எடம்’ என்று பதில் கிடைத்தால் திருப்தி. சாதி என்னும் சொல்லை ஒருத்தரும் உச்சரிக்கவில்லை. உச்சரிக்கத் தேவையில்லாதபடி ‘டீசன்ட்’ என்னும் சொல் அந்த வேலையைச் செய்கிறது.

2

முறை என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். மரியா மாண்டிசோரி 1896இல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றவர். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு அவருடைய வேலை தொடங்கியது. இட்டார், செகன் என்னும் பிரெஞ்சு மருத்துவர்களின் பயிற்சிகளை எடுத்துக்கொண்டு வளர்த்தார். 1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லொரன்சோ பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. அது கூலித் தொழிலாளிகள் வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பு. அப்பனும் ஆத்தாளும் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் படிக்கட்டையும் சுவரையும் பாழாக்குகின்றன என்பதுதான் கட்டட நிறுவனத்தின் கவலை. ஆக, சுவரைக் காப்பாற்றுவதற்காக ஏழைப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிய ஏற்பாடு இது. இன்று அந்தப் பெயர் யாருடைய பிள்ளைகளுக்கு விற்கப்படுகிறது என்பதை யோசிக்க வேண்டும்.

முறையின் உள்ளடக்கம் எளிமையானது. மூன்று முதல் ஆறு வயதுவரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருப்பார்கள். பொருள்கள் அவர்கள் கைக்கு எட்டுகிற தாழ்வான அலமாரியில் இருக்கும். பிள்ளை தானே எடுத்து, பாயை விரித்து, வேலை செய்து, எடுத்த இடத்திலேயே வைக்கும். ஒவ்வொரு பொருளும் ஒரே ஒரு குணத்தைக் கற்றுத்தரும். ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர்வரை பத்துக் கனசதுரங்கள். எல்லாம் ஒரே ரோஸ் நிறம். மாறுவது அளவு மட்டும்தான். குழியில் உருளையைத் தப்பாகப் போட்டால் கடைசியில் ஓர் உருளைக்கு இடம் இருக்காது. தப்பைப் பொருளே சொல்லிவிடும், மிஸ் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தை உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டியிருப்பார்கள். பிள்ளை விரலால் தடவி ஒலியைச் சொல்லும். ஒரு சொல்லைக் கற்பிப்பதற்கு மூன்று படிகள். “இது வழவழ, இது சொரசொர” என்று பெயர் சொல்வது, “சொரசொர எது, காட்டு” என்று கேட்பது, “இது என்ன?” என்று கேட்பது. மூன்றாவதில் பிள்ளை தடுமாறினால் திட்டாமல் இன்னொரு நாள் முதல் படியிலிருந்து தொடங்குவது. பரிசும் கிடையாது, தண்டனையும் கிடையாது, தேர்வும் கிடையாது.

இதை விடுதலையின் கல்வி என்று அப்படியே ஏற்றுக்கொள்ளவும் முடியாது. பிள்ளை ஒரு வேலையில் ஆழ்ந்து, ஒழுங்காகி, அமைதியாகிவிடுகிற நிலைக்கு அம்மையார் கொடுத்த பெயர் ‘இயல்பாக்கம்’. ஃபூக்கோ படித்தவர்களுக்கு இந்தச் சொல் காதில் உறுத்தும். அடி இல்லை, அதட்டல் இல்லை. ஆனால் ஆசிரியை மூலையில் உட்கார்ந்து ஓயாமல் கவனித்துக் குறிப்பெழுதிக்கொண்டிருக்கிறார். தன்னைத் தானே அடக்கிக்கொள்கிற உடலை உருவாக்குவதில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு ஏது? முசோலினி அரசு 1924 முதல் சில ஆண்டுகள் இந்தப் பள்ளிகளை ஆதரித்தது தற்செயல் அல்ல. அதே சமயம் அந்த உறவு நீடிக்கவில்லை என்பதும் 1930களில் இத்தாலியில் அந்தப் பள்ளிகள் மூடப்பட்டன என்பதும் தற்செயல் அல்ல. தானே தேர்ந்தெடுக்கப் பழகிய பிள்ளை அணிவகுப்புக்கு உதவாது. இரண்டு சாத்தியங்களும் இந்த முறைக்குள் இருக்கின்றன. எது மேலே வரும் என்பதை முறை தீர்மானிப்பதில்லை, அது வந்து விழுகிற சமூகம்தான் தீர்மானிக்கிறது.

3

தமிழ்நாட்டில் அது வந்து விழுந்த இடம் அடையாறு. ஜார்ஜ் அருண்டேல், ருக்மணிதேவி ஆகியோரின் அழைப்பில் 1939இல் தியாசபிகல் சொசைட்டிக்கு வந்த மாண்டிசோரி, இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அவருடைய மகன் மரியோவை ஆங்கில அரசு அகமத்நகரில் சிறைவைத்தது, ஆகஸ்டில் விடுவித்தது. பின்னர் சில ஆண்டுகள் கொடைக்கானல். 1946இல்தான் ஐரோப்பா திரும்பினார்.

இதில் ஒரு விஷயத்தை நம் பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டும். அடையாறில் மாண்டிசோரி பாடம் நடத்தியது இத்தாலிய மொழியில். மரியோ அதை வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பிள்ளை தன்னைச் சுற்றிப் பேசப்படும் மொழியை முயற்சியில்லாமல் உறிஞ்சிக்கொள்கிறது என்பது அவருடைய கோட்பாட்டின் மையம். சிதம்பரத்தில் ஒரு மாண்டிசோரிப் பள்ளியில், “தமிழ் பேசினா ஸ்டார் கட்” என்று சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். பரிசு கூடாது, தண்டனை கூடாது, மொழியைத் தடுக்கக் கூடாது என்னும் மூன்று விதிகளும் ஒரே வரியில் காலி.

எப்படி இது முடிகிறது? ‘மாண்டிசோரி’ என்னும் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. அமெரிக்காவில் 1967இலேயே அது பொதுப்பெயர், தனி வணிகக்குறி ஆகாது என்று தீர்ப்பாகிவிட்டது. இங்கேயும் ரோஸ் நிறக் கட்டைகளை வாங்கி வைத்துவிட்டு யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். ஆகவே பெயரைப் பார்க்காமல் அறையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பொருள்கள் பிள்ளையின் கைக்கு எட்டுகின்றனவா, கண்ணாடி பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா? மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையிலா, எல்.கே.ஜி. ‘ஏ’ செக்ஷன் ‘பி’ செக்ஷனா? இடையில் மணி அடிக்காத இரண்டு மூன்று மணி நேரம் பிள்ளைக்குக் கிடைக்கிறதா, முப்பத்தைந்து நிமிஷம் ‘மாண்டிசோரி பீரியட்’டா? ஆசிரியைக்குப் பயிற்சி எங்கே, எத்தனை மாதம்? அவருக்குச் சம்பளம் என்ன? இந்தக் கடைசிக் கேள்வியை ஒரு பெற்றோரும் கேட்கவில்லை.

கேட்டாலும் சிக்கல் தீராது. ஓரளவு உண்மையாகவே முறையைக் கடைப்பிடிக்கிற இடங்களிலிருந்து பிள்ளையை மாற்றிக்கொண்டு போனவர்களையும் பார்த்தேன். “நோட்ல ஒண்ணுமே எழுதல சார். வீட்டுப்பாடம் கெடையாது. ரெண்டு வருஷமா தண்ணிய இந்தக் கிண்ணத்துலேர்ந்து அந்தக் கிண்ணத்துக்கு ஊத்திக்கிட்டிருக்கான்” என்றார் ஒரு தகப்பனார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் அந்தப் பிள்ளைக்காகக் காத்திருப்பது வேறொரு பள்ளி. அங்கே கிண்ணம் கிடையாது, ரேங்க்தான்.

4

இனி, நம் கண்முன்னால் நடந்து நாம் கவனிக்கத் தவறிய ஒன்று. ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி அனுபவங்களிலிருந்தும் மாண்டிசோரியின் கொள்கைகளிலிருந்தும் எடுத்துக்கொண்டு, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கப்பட்டது. அப்போது ஆணையராக இருந்த எம்.பி.விஜயகுமார் அதற்கு முக்கியக் காரணம். 2007இல் அது தமிழ்நாட்டின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஒன்று முதல் நான்குவரை ஒரே அறையில் கலந்து உட்கார்ந்தார்கள். பாடம் அட்டைகளாகப் பிரிந்தது. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதை ஏணிப்படியில் பிள்ளையே பார்த்துக்கொண்டது. வருகையைப் பிள்ளையே பதிந்தது. சுவரின் அடியில் பிள்ளைகள் எழுதத் தாழ்வான கரும்பலகை. அவர்கள் வரைந்ததைத் தொங்கவிடக் கம்பிப்பந்தல். ஆசிரியரும் பாயில்தான் உட்கார வேண்டும். குறைகள் இருந்தன, அதிகாரிகளின் உத்தரவாக மேலிருந்து இறங்கியதால் ஆசிரியர்களிடம் கசப்பும் இருந்தது. பின்னர் அது படிப்படியாகத் தேய்ந்து, 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. ஆனாலும் மாண்டிசோரியின் பல கூறுகளை காசில்லாமல், தமிழில், ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் இவ்வளவு பெரிய அளவில் செய்துபார்த்த முயற்சி அது.

அந்த வருஷங்களில் புவனகிரிப் பக்கத்துப் பெற்றோர்கள் என்ன சொன்னார்கள்? “தரையில ஒக்காந்து அட்டைய வச்சி வெளையாடுதுங்க. பாடமே நடத்தல.” இப்போது காசு கட்டி மாண்டிசோரியில் சேர்த்தவர் என்ன சொல்கிறார்? “அங்கல்லாம் பெஞ்சு கெடையாது சார். பாய்லதான் ஒக்காருவாங்க. ஃபாரின் சிஸ்டம்.” அதே பாய், அதே தரை. அரசுப் பள்ளியில் அது இல்லாமையின் குறி. தனியார் பள்ளியில் நாகரிகத்தின் குறி. பொருளுக்குச் சொந்தமாக அர்த்தமில்லை, அமைப்பில் அது நிற்கிற இடம்தான் அர்த்தத்தைத் தருகிறது என்று மொழியியல் வகுப்பில் படித்ததை இந்தப் பாய் ஒரு நொடியில் விளக்கிவிடுகிறது. விலை கொடுத்து வாங்கப்படுவது முறையல்ல, பக்கத்துப் பாயில் யார் இல்லை என்பதற்கான உத்தரவாதம்.

5

இந்த இடத்தில் நம்மவர்கள் வழக்கமாக ஒரு முடிவுக்குத் தாவுவார்கள்: பெற்றோருக்கு ஆங்கில மோகம், எல்லாரும் அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும். அவ்வளவு சுலபமில்லை.

மாண்டிசோரியில் ‘அன்றாட வாழ்க்கைப் பயிற்சிகள்’ என்று ஒரு பகுதி உண்டு. பிள்ளை பெருக்கும், மேசை துடைக்கும், தம்ளர் கழுவும். கைக்கும் கண்ணுக்கும் பழக்கம், சுயசார்பு என்பது விளக்கம். கடலூரில் இடைநிலைச் சாதியைச் சேர்ந்த ஒரு தாய் கொதித்துப் போனார்: “ஃபீஸ் கட்றது எம்பொண்ணு கூட்டிப் பெருக்கறதுக்கா?” ‘நம்ம வீட்டுப் பிள்ளை செய்யக்கூடாத வேலை’ என்னும் வருணப் பார்வை இது. சிதம்பரத்தை அடுத்த ஒரு காலனியிலிருந்து இதே துடைப்பத்தைப் பற்றி இன்னொரு தாய் சொன்னது வேறு: “நாங்க கூட்டுனது போதாதா? அதுவும் கூட்டணுமா?” சொற்கள் ஏறக்குறைய ஒன்று, வரலாறு எதிரெதிர். முதலாமவர் காப்பாற்ற நினைப்பது அந்தஸ்தை. இரண்டாமவர் தப்பிக்க நினைப்பது அவமானத்திலிருந்து. தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காக 2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் கைதானார். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் தடுத்தார்கள். இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்கிற தாயிடம் போய், பொதுப்பள்ளியின் மேன்மையைப் பற்றி நாம் வகுப்பெடுக்க முடியாது.

சிதம்பரத்தில் இது புதிய கதையும் அல்ல. சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கியது, இருந்த பள்ளிகளின் கதவு ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குத் திறக்காததால்தான். தனிப் பள்ளி என்பது ஆதிக்கச் சாதிக்கு விலகல். விலக்கப்பட்டவர்களுக்கு அது நுழைவாயிலாக இருந்திருக்கிறது. இன்று எல்.கே.ஜி.க்குக் கடன் வாங்குகிற காலனித் தாயின் செயலை ‘மோகம்’ என்று பெயரிடுகிறவர்கள் இந்த வேறுபாட்டை அழிக்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) 25 விழுக்காட்டு இடம் இவர்களுக்குத்தான். அந்த இடத்தில் சேர்ந்த பிள்ளையை ‘ஃப்ரீ சீட்டு’ என்று பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு தகப்பனார் சொன்னார். கோடு வாசலிலிருந்து வகுப்புக்குள் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

6

அப்படியானால் என்ன செய்வது? ‘அங்கன்வாடி’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்தச் சொல்லின் பின்னால் இருப்பவர் தாராபாய் மோடக். குஜராத்தில் கிஜுபாய் பதேக்காவோடு சேர்ந்து மாண்டிசோரி முறையில் வேலைசெய்தவர். மராட்டியக் கடலோரத்தில் போர்டி, கோஸ்பாட் என்று கிராமங்களுக்கும் ஆதிவாசிப் பகுதிகளுக்கும் போனபோது, விலைகூடிய கட்டைகளைத் தூக்கிவைத்துவிட்டு விதை, கூழாங்கல், சிப்பி ஆகியவற்றைக் கற்பிக்கும் பொருளாக்கினார். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி அவர்கள் முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். அங்கன் என்றால் முற்றம். ஆகவே நம் தெருமுனை அங்கன்வாடி மாண்டிசோரிக்கு அந்நியமல்ல, அவருடைய வழித்தோன்றல். 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. முட்டையும் சத்துமாவும் வந்தன, எடை பார்க்கிற தராசு வந்தது. அலமாரிப் பொருள்கள் போதிய அளவு வரவில்லை. அங்கன்வாடி ஊழியர் பதிவேடு எழுதியே ஓய்ந்துபோகிறார். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. ஆங்கிலப் பெயர் வந்தது. அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் என்னும் கேள்வி வழக்குமன்றம்வரை இழுபட்டது.

கோரிக்கை இங்கேதான் எழ வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வோர் அங்கன்வாடியிலும் மூன்று வயதுமுதல் பிள்ளையின் கைக்கு எட்டுகிற பொருள்களும், முறையாகப் பயிற்சி பெற்று முழுச் சம்பளம் வாங்குகிற ஆசிரியையும், சேரிக்கும் ஊருக்கும் தனித்தனியாக அல்லாமல் ஒரே கட்டடமும் வேண்டும். துடைப்பத்தை எடுப்பதானால் எல்லாப் பிள்ளையும் எடுக்க வேண்டும், ஆசிரியையும் எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பிள்ளையும் எடுக்கக் கூடாது. பாய்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு விரிக்கப்பட வேண்டும்.

கல்வி இயக்கங்களில் இருக்கிற தோழர்கள் பாடநூலுக்காகவும் மொழிக்காகவும் போராடியிருக்கிறோம். 2011இல் சமச்சீர்க் கல்வி உச்ச நீதிமன்றத்தில் வென்றதை நம் வெற்றி என்றே கொண்டாடினோம். ஆனால் பாடநூல் பொதுவானபோதும் பாய் பொதுவாகவில்லை. ஒன்றாம் வகுப்பில் பொதுப் புத்தகம் கையில் வருகிறபோது பிள்ளைகள் ஏற்கெனவே மூன்று வருஷம் பிரிந்து வளர்ந்தவர்கள். அந்த மூன்று வருஷத்தை மாண்டிசோரி என்றும் கிண்டர்கார்டன் என்றும் பெயர்போட்டு விற்கிறவர்களிடம் விட்டுவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் சமத்துவம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.