18 வயதைக் கடந்த பிள்ளைக்கு மனநோய்: தாயின் கையெழுத்து எப்போது செல்லும்?

மனச்சிதைவு நோய் வந்த பிள்ளைக்கு 18 வயது நிரம்பிவிட்டால், பெற்றவர் என்ற உறவு மட்டும் அவரை மருத்துவமனையில் சேர்க்கப் போதாது. “அம்மா கையெழுத்துப் போட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா?”, “30 நாளில் அனுப்பிவிடுவார்களாமே, அதற்குப் பிறகு என்ன செய்வது?” என்ற இரண்டு கேள்விகளும் வாசகர் கடிதங்களில் மாறி மாறி வருகின்றன. இரண்டுக்கும் விடை மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 89ஆம் பிரிவில் தொடங்குகிறது.

குழப்பத்துக்குக் காரணம் பழைய சட்டத்தின் நினைவு. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, உறவினரோ நண்பரோ மனுக் கொடுத்து இரண்டு மருத்துவச் சான்றிதழ்களை இணைத்தால், நோயாளி சம்மதிக்காவிட்டாலும் 90 நாள் வரை உள்ளே வைக்க முடிந்தது. சொத்துத் தகராறிலும் கணவன் மனைவி சண்டையிலும் இந்த வழி தவறாகப் பயன்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. 2007இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதற்கு ஏற்ப எழுதப்பட்ட புதிய சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. முடிவெடுக்கும் உரிமை நோயாளியுடையது என்பதே அதன் அடிப்படை. குடும்பத்தின் முடிவுக்கு மாறாக ஒருவர் முடிவெடுக்கிறார் என்பதை மட்டும் வைத்து, அவருக்கு முடிவெடுக்கும் திறனே இல்லை என்று கருதக் கூடாது என்றும் அது சொல்கிறது.

சம்மதிக்காத பிள்ளையைச் சேர்க்க என்ன வழி?

தானே வந்து சேருபவருக்கான வழி எளிது. அவர் கேட்டால் சேர்க்கலாம், கேட்டால் வெளியே விட வேண்டும். தாய்மார்கள் தேடுவது மற்ற வழியை. சட்டம் அதற்கு ‘ஆதரவுடன் கூடிய சேர்க்கை’ என்று பெயர் வைத்திருக்கிறது. பெயர் எப்படி இருந்தாலும் நோயாளியின் கண்ணுக்கு அது விருப்பமில்லாத சேர்க்கைதான். அதனால்தான் அதைச் சுற்றி இத்தனை வேலிகள்.

முதல் வேலி, இரண்டு பேரின் பரிசோதனை. ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். மற்றவர் மனநல வல்லுநராகவோ பொது மருத்துவராகவோ இருக்கலாம். சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாள்களுக்குள்ளோ இருவரும் தனித்தனியே பார்த்து, தனித்தனியே ஒரே முடிவுக்கு வர வேண்டும். இரண்டாவது வேலி, இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வேறு வழி இல்லை என்பது உறுதியாக வேண்டும். மூன்றாவது வேலிதான் இந்தப் பிரிவின் உயிர்நாடி. நோயின் கடுமை மூன்று நிலைகளில் ஏதேனும் ஒன்றை எட்டியிருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. அண்மையில் தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ள முயன்றிருக்க வேண்டும், அல்லது அப்படி மிரட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால், பிறரிடம் வன்முறையாக நடந்திருக்க வேண்டும், அல்லது உடலுக்குத் தீங்கு வருமோ என்று பிறர் அஞ்சும்படி நடந்திருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால், தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் போய், அதனாலேயே தனக்கு ஆபத்து வரும் நிலையில் இருக்க வேண்டும்.

முதல் இரண்டையும் எல்லோரும் அறிவார்கள். காவல் நிலையத்திலும் மருத்துவமனை வாசலிலும் முதலில் கேட்கப்படும் கேள்வியும் “யாரையாவது அடித்தாரா?” என்பதுதான். இல்லை என்று தாய் சொன்னதும், “அடித்தால் வாருங்கள்” என்ற பதில் வந்துவிடுகிறது. அடிக்கும் வரை காத்திருக்கச் சட்டம் சொல்லவில்லை. மூன்றாவது நிலை அதற்காகவே எழுதப்பட்டது. அறைக்கதவைத் தாழிட்டுக்கொண்டு மாதக்கணக்கில் குளிக்காமல் இருப்பவர், சோற்றில் விஷம் கலந்திருப்பதாக நம்பித் தட்டைத் தொடாதவர், சர்க்கரை நோய்க்கான மாத்திரையை நிறுத்திவிட்டவர், நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓரமாக நடந்துகொண்டே இருப்பவர் ஆகியோர் யாரையும் அடிப்பதில்லை. ஆனால் உயிர் போகும் அளவுக்கு ஆபத்தில் இருக்கக்கூடும். மனச்சிதைவு உள்ளவர்களில் பெரும்பாலோர் வன்முறையாளர்கள் அல்லர். வன்முறையை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், சத்தமில்லாமல் அழிந்துகொண்டிருப்பவர்கள் அனைவரும் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பிவிடுவார்கள்.

சேர்க்கையை முடிவு செய்வது மருத்துவர்கள்தான். ஆனால் அவர்கள் பார்ப்பது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் நிதானமாக உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு எழுந்துபோகிறவர்கள் பலர் உண்டு. அதற்கு முந்தைய மூன்று மாதங்களை அறிந்த ஒரே சாட்சி பெரும்பாலும் தாய்தான். அந்தச் சாட்சியம் எடுபடுவதும் எடுபடாததும் அது சொல்லப்படும் விதத்தில் இருக்கிறது. “பழைய பிள்ளையே இல்லை, ஏதாவது ஆகிவிடும் போலிருக்கிறது” என்பது பயம். அதை வைத்துக்கொண்டு மருத்துவர் எதையும் எழுத முடியாது. “திங்கள் காலை முதல் புதன் இரவு வரை சாப்பிடவில்லை. தண்ணீரையும் தெருக் குழாயில்தான் பிடித்துக் குடித்தார். வியாழன் அன்று அடுப்பில் கேஸைத் திறந்துவிட்டு அப்படியே வெளியே போய்விட்டார்” என்பது கண்ணால் கண்டது. சட்டம் கேட்கும் ‘அண்மையில்’ என்ற சொல்லுக்கும் ‘ஆபத்து’ என்ற சொல்லுக்கும் அதில் விடை இருக்கிறது.

அதனால் நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று தாய்க்குப் பெரிய துணை. தேதி, நேரம், நடந்தது, சொன்ன சொற்கள், விட்ட மாத்திரைகள், தூங்கிய மணி ஆகியவற்றை ஒரு நாளைக்கு இரண்டு வரி எழுதினால் போதும். பிள்ளையின் முன்னால் சொல்லத் தயங்குவதை அந்த நோட்டைக் காட்டிச் சொல்லிவிடலாம். நோயாளி பற்றிய தகவலை வெளியிட மருத்துவருக்குக் கட்டுப்பாடு உண்டு. தாய் சொல்வதைக் கேட்டுக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. “உங்களிடம் பேச முடியாது” என்று மருத்துவமனையில் சொன்னால், “நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், இதை மட்டும் படியுங்கள்” என்று நோட்டை நீட்டலாம்.

வீட்டிலிருந்து மருத்துவமனை வரை யார் கூட்டிப்போவது?

89ஆம் பிரிவு மருத்துவமனைக்குள் தொடங்குகிறது. வீட்டு வாசலிலிருந்து அதுவரை உள்ள தூரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தத் தூரத்துக்கு உதவுபவை வேறு இரண்டு பிரிவுகள். உயிருக்கோ உடலுக்கோ பெரும் தீங்கு நேரும் அவசரத்தில், பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை அளிக்கலாம் என்கிறது 94ஆம் பிரிவு. அதை வீட்டிலும் அளிக்கலாம். மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் அதில் அடங்கும். நோயாளியின் பிரதிநிதி (அவர் யார் என்பது பின்னால் வருகிறது) அருகில் இருந்தால் அவருடைய சம்மதம் வேண்டும். மின் அதிர்வுச் சிகிச்சையை மட்டும் அவசரச் சிகிச்சையாகத் தர முடியாது.

100ஆம் பிரிவு காவல் துறையின் கடமையைச் சொல்கிறது. தெருவில் திரிபவரை மட்டுமே தொட முடியும் என்று காவலர்கள் பலர் நினைக்கிறார்கள். மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தானவர் என்று நம்பக் காரணம் இருந்தால், தம் எல்லைக்குள் இருக்கும் யாரையும் பாதுகாப்பில் எடுக்க வேண்டியது நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ எந்தக் காரணத்துக்காகவும் வைக்கக் கூடாது. காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேட்பதும், மனுவில் ‘100ஆம் பிரிவின் கீழ்’ என்று குறிப்பிடுவதும் பயன் தரும்.

30 நாள் கெடு யாருக்கு?

அது மருத்துவமனைக்கு. 30 நாளில் துரத்திவிட வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. அதற்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் வேறு அனுமதி வேண்டும் என்பதே பொருள். நோயாளி தானே முடிவெடுக்கும் நிலைக்கு வந்துவிட்டாரா என்று 7 நாளுக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். வந்துவிட்டால் கட்டாயம் அன்றே முடிகிறது. விரும்பினால் தாமாகத் தங்கலாம். சேர்த்த செய்தியை மனநல மறுஆய்வு வாரியத்துக்குப் பெண் என்றால் 3 நாளுக்குள்ளும், ஆண் என்றால் 7 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும்.

30 நாளைத் தாண்ட வேண்டுமானால் இரண்டு மனநல மருத்துவர்கள் தனித்தனியே பரிசோதித்துச் சொல்ல வேண்டும். வாரியம் 21 நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். அனுமதி முதலில் 90 நாள் வரை, பிறகு 120, அதன் பிறகு ஒவ்வொரு முறையும் 180 நாள் வரை. வாரியத்தின் தலைமையில் மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர் இருப்பார். நோயிலிருந்து மீண்டவர்களும் பராமரிப்பாளர்களும் உறுப்பினராகலாம். காகிதத்தில் இது நல்ல ஏற்பாடு. ஆனால் சட்டம் வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் பல மாநிலங்களில் வாரியங்கள் முழுமையாக அமையவில்லை. வாரியம் இல்லாத ஊரில் இந்தக் கெடுவை எண்ணிக்கொண்டிருப்பது தாய் மட்டும்தான்.

வெளியே அனுப்பும்போது, இனி என்ன சிகிச்சை என்பதை நோயாளியோடும் அவருடைய பிரதிநிதியோடும், அவர் யார் வீட்டில் இருக்கப்போகிறாரோ அவரோடும் கலந்து திட்டமிட வேண்டும் என்கிறது 98ஆம் பிரிவு. அந்தப் பேச்சு நடக்காமல் மாத்திரைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பக் கூடாது.

தாய் எந்தத் தகுதியில் கையெழுத்திடுகிறார்?

‘நியமனப் பிரதிநிதி’ என்ற தகுதியில். பிள்ளை யாரையும் எழுதி நியமிக்காதபோது உறவினர் என்ற வகையில் அந்த இடம் தாய்க்கு வருகிறது. அதன் பிறகு, தனக்கு எது நல்லதாகப் படுகிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டு அவர் நிற்க முடியாது. பிள்ளையின் இப்போதைய விருப்பம், முன்பு சொன்னவை, வாழ்ந்த வாழ்க்கை, நலன் எல்லாவற்றையும் கருதி அவர் சார்பாகப் பேசும் கடமை அவருக்கு உண்டு. பதிலுக்குச் சட்டம் தருபவையும் உண்டு: நோய் என்ன, சிகிச்சை என்ன என்று கேட்கும் உரிமை, உரிமை மீறல் நடந்தால் வாரியத்திடம் முறையிடும் உரிமை, விடுவிக்கக் கேட்கும் உரிமை. வெள்ளைத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ இட்டு, பிள்ளை வேறொருவரை நியமித்துக்கொள்ளலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அண்ணனையோ நண்பரையோ அவர் தேர்ந்தெடுத்தால் தாய் விலகத்தான் வேண்டும்.

பிள்ளை நலமாக இருக்கும் மாதங்களில் இதைப் பேசி எழுதிக்கொள்வதே எல்லோருக்கும் நல்லது. அடுத்த முறை நோய் முற்றினால் எந்த மருத்துவமனை, எந்த மருந்து வேண்டாம், யார் கூட வர வேண்டும் என்பதை அவரே ‘முன்கூட்டிய வழிகாட்டுதலாக’ எழுதலாம். அவசரச் சிகிச்சைக்கு மட்டும் அது கட்டுப்படுத்தாது.

மற்ற கேள்விகள்

சாப்பாட்டில் மாத்திரையைக் கலந்து கொடுக்கலாமா? கூடாது, தெரிந்துவிட்டால் சோற்றின் மேலிருக்கும் நம்பிக்கையும் போய்விடும். சில வாரங்களுக்கு ஒரு முறை போடும் ஊசி உண்டா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கட்டி வைக்கலாமா? சங்கிலியால் கட்டுவதற்குச் சட்டத்தில் முழுத் தடை.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகுமா? ஆகாது, இன்னொரு குடும்பமும் சேர்ந்து துன்பப்படும்.

தற்கொலைக்கு முயன்றால் வழக்கா? கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும். தண்டிக்கக் கூடாது என்கிறது 115ஆம் பிரிவு.

மருத்துவக் காப்பீடு உண்டா? உடல் நோய்க்கு இருப்பதைப் போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்பது சட்டம்.

மாற்றுத்திறனாளிச் சான்று கிடைக்குமா? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் ஒன்று; பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைந்தது 40 விழுக்காடு பாதிப்பு இருக்க வேண்டும்.

குடும்ப ஓய்வூதியம்? மத்திய அரசு ஊழியரின் பிள்ளை, மனநோயால் சம்பாதிக்க முடியாதவராக இருந்தால் வாழ்நாள் முழுதும் பெறலாம்.

உடனே பேச யார் இருக்கிறார்கள்? 14416 என்ற தொலைபேசி உதவி எண்; பிள்ளை பேச மறுத்தாலும் தாய் அழைக்கலாம்.

சென்னையில் எங்கே போவது? கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம். மற்ற மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு.

அம்மாவுக்குப் பிறகு யார்? 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் பாதுகாவலர் ஏற்பாடு மனச்சிதைவுக்குப் பொருந்தாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறை பொருந்தும். குடும்பம் இல்லை என்ற காரணத்துக்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது, இடைநிலை இல்லங்களை அரசு அமைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், அந்த இல்லங்கள் தேவையைவிட மிகக் குறைவு. ஆகவே பிரதிநிதியாகத் தாயின் பெயரை எழுதும் தாளிலேயே, தாய்க்குப் பின் யார் என்பதையும் பிள்ளையைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.