கூலண்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் போதுமா?

தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்தால் போதும், கோலாலம்பூரிலிருந்து ஈப்போ, பினாங்கு, ஜொகூர் என்று ஊர் திரும்பும் கார்கள் நெடுஞ்சாலையை நிரப்பிவிடும். கிளம்புமுன் டயருக்குக் காற்றடிக்கிறோம், பெட்ரோல் நிரப்புகிறோம், டச் அண்ட் கோ அட்டையில் பணம் ஏற்றுகிறோம். பானட்டைத் திறந்து கூலண்ட் தொட்டியைப் பார்ப்பவர்கள் மட்டும் குறைவு.

வானொலியில் போக்குவரத்துத் தகவல் வாசிக்கும் எங்களுக்குப் பண்டிகைக் காலத்தில் அடிக்கடி வரும் செய்தி ஒன்று உண்டு: 'சாலையோரத்தில் பழுதான வாகனம், பின்னால் நீண்ட நெரிசல்'. இன்ஜின் கொதித்துப்போன கார்களும் அவற்றில் அடக்கம். இது பெரும்பாலும் முன்கூட்டியே தவிர்க்கக்கூடிய பழுதுதான்.

தண்ணீர் ஏன் போதாது?

"நம் ஊரில் பனியா பெய்கிறது? குழாய்த் தண்ணீரே போதும்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலண்டின் வேலை உறைபனியைத் தடுப்பது மட்டும் என்றால் அவர்கள் சொல்வது சரி. அதற்கு வேறு வேலைகளும் உண்டு.

சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கும். எத்திலீன் கிளைகோலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் ஏறக்குறைய 107 டிகிரியில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தம் அதை இன்னும் உயர்த்தும். மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும்போதும், கெந்திங் மலையேறும்போதும் இந்த இடைவெளி உதவும்.

அதைவிட முக்கியமானது துரு. கூலண்டில் கலந்திருக்கும் ரசாயனங்கள் இன்ஜினின் அலுமினியம், இரும்புப் பாகங்களை அரிக்காமல் காக்கின்றன. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரினும் தாது உப்புகளும் நேர் எதிர் வேலை செய்கின்றன. சில ஆண்டுகளில் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும். வாட்டர் பம்ப் பழுதாகும்.

குறைந்தது எங்கே போனது?

கூலண்ட் ஓடுவது மூடிய அமைப்பு. ஓர் ஆண்டில் கொஞ்சம் குறைவது இயல்பு. சில வாரங்களிலேயே கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். ஊற்றி ஊற்றி ஓட்டாமல், காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

• கார் நின்ற இடத்தில் பச்சை, சிவப்பு அல்லது நீல நிறத்தில் ஈரம் இருந்தால் ரப்பர் குழாய், கிளிப், ரேடியேட்டர் அல்லது வாட்டர் பம்பைச் சந்தேகிக்கலாம். நிறமில்லாத வெறும் தண்ணீர் என்றால் அது ஏர்கான் நீர், கவலை வேண்டாம்.

• ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தாலும் கூலண்ட் வெளியேறும். மாற்ற அதிகச் செலவாகாது.

• வெளியே ஒழுகலே இல்லை, ஆனால் புகைக்குழாயில் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை, இன்ஜின் எண்ணெய் பால் கலந்த தேநீர் போல இருக்கிறதா? ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். காரை ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள்.

நிறத்தை நம்பாதீர்கள்

கடையில் பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம் என்று வரிசையாக இருக்கும். நிறம் வெறும் சாயம். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. டொயோட்டாவின் நீண்டகால கூலண்ட் இளஞ்சிவப்பு, ஹோண்டாவுடையது நீலம். ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு போத்தல்களுக்குள் வேறு வேறு ரசாயனம் இருக்கலாம்.

பார்க்க வேண்டியது வகையை. பழைய கார்களுக்கான ஐ.ஏ.டி. வகையைச் சுமார் 2 ஆண்டுகளில் மாற்ற வேண்டும். ஓ.ஏ.டி. எனப்படும் கரிம அமில வகை பொதுவாக 5 ஆண்டுகள் தாங்கும். இரண்டும் கலந்த எச்.ஓ.ஏ.டி. வகையிலும் பிரிவுகள் உண்டு: ஜப்பானிய, கொரிய கார்களுக்கு பாஸ்பேட் கலந்தது, ஐரோப்பிய கார்கள் பலவற்றுக்கு சிலிகேட் கலந்தது. பொருந்தாத வகைகளைக் கலந்தால் பாதுகாப்பு ரசாயனங்கள் வலுவிழக்கும். சில நேரம் கஞ்சி போலத் திரண்டு குழாயை அடைக்கும்.

உங்கள் காருக்கு எது என்பது காருடன் வந்த கையேட்டில் இருக்கிறது. கையேடு இல்லையென்றால் சர்வீஸ் மையத்தில் கேளுங்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் நிறுவனம் சொன்னதைத் தவிர வேறெதையும் ஊற்றவே வேண்டாம்.

இன்னொன்று: 'பிரிமிக்ஸ்' என்று இருந்தால் அப்படியே ஊற்றலாம். 'கான்சன்ட்ரேட்' என்றால் காய்ச்சி வடித்த நீரைக் கையேடு சொல்லும் அளவில், பெரும்பாலும் சரிபாதி, கலக்க வேண்டும்.

வழியில் கொதித்தால்?

வெப்பமானி முள் ஏறினாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஏர்கானை அணைத்துவிட்டுப் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்துங்கள். ஹீட்டரைப் போடச் சொல்லும் அறிவுரையை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். நம் உள்நாட்டுக் கார்கள் பலவற்றில் ஹீட்டரே இல்லை. இன்ஜினை அணைத்து, அவசர விளக்கைப் போட்டு, பிள்ளைகளையும் பெரியவர்களையும் சாலைத் தடுப்புக்கு அப்பால் நிற்க வையுங்கள். பிளஸ் நெடுஞ்சாலை என்றால் 1800-88-0000 எண்ணை அழைக்கலாம்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். குறைந்தது அரை மணி நேரமாவது ஆறட்டும். அதற்குப் பிறகும் மூடி சூடாக இருந்தால் இன்னும் காத்திருங்கள். சூடான இன்ஜினுக்குள் குளிர்ந்த நீர் ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். ஆறிய பின், கூலண்ட் கிடைக்காவிட்டால் சுத்தமான தண்ணீர் ஊற்றிப் பக்கத்துப் பட்டறை வரை செல்லலாம். ஊர் போய்ச் சேர்ந்ததும் அதை வடித்து, புதுக் கூலண்ட் மாற்றிவிட வேண்டும்.

வீட்டில் ஒரு கவனம்

எத்திலீன் கிளைகோல் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. கொஞ்சம் குடித்தாலும் சிறுநீரகம் செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மீந்த கூலண்டைக் குடிநீர் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தரையில் சிந்தினால் பூனையோ நாயோ நக்குவதற்குள் கழுவித் துடைத்துவிடுங்கள்.

நாளைக் காலை காரைக் கிளப்பும் முன், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே தொட்டியைப் பாருங்கள். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் இருந்தால் நல்லது. கீழே இறங்கியிருந்தால் சரியான வகையில் ஒரு போத்தல் வாங்க சில பத்து ரிங்கிட்தான் ஆகும். வளைந்துபோன சிலிண்டர் ஹெட்டைச் சரிசெய்ய ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்க வேண்டியிருக்கும்.