கம்பியில்லா வலையமைப்பில் அத்துமீறிய கருவிகள்: கண்டறிதலும் வகைப்படுத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

நிறுவன வளாகங்களில் அனுமதியின்றி இயங்கும் வைஃபை அணுகுமுனைகளைக் கண்டறிவது எளிது. அவற்றைப் பிழையின்றி வகைப்படுத்துவதே கடினம். வகைப்படுத்தலுக்குரிய தொழில்நுட்பச் சான்றுகளையும், அவை போதாதவிடத்து எழும் சிக்கல்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வைஃபை, அணுகுமுனை, அத்துமீறிய கருவி, போலி இரட்டை, கடிகார விலகல்

முன்னுரை

ஆங்கிலத்தில் ‘ரோக்’ என்னும் அடையுடன் வழங்கும் கலைச்சொல்லை ‘முரட்டு’ எனப் பெயர்த்தால் பொருள் சிதையும். இத்தகைய கருவி பெரும்பாலும் முரட்டுத்தனம் எதுவுமின்றி மேசைக்கடியில் அமைதியாக இயங்குவது. பணியாளர் ஒருவர் தம் வசதிக்காகக் கடையில் வாங்கிச் செருகிய மலிவான ரௌட்டராகவும் அது இருக்கலாம். எல்லை எனப் பொருள்படும் ‘அத்து’ என்னும் சொல்லே இங்குப் பொருந்துகிறது. மீறப்பட்டது எவருடைய எல்லை என்பதைத் தீர்மானிப்பதே வகைப்படுத்தலின் பணியாகும்.

கண்டறிதல்

அணுகுமுனை ஒவ்வொன்றும் வழக்கமாக 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை ‘பீக்கன்’ எனப்படும் அறிவிப்புச் சட்டகத்தை வெளியிடுகிறது. வலையமைப்பின் பெயர், அணுகுமுனையின் 48 பிட் முகவரி, மைக்ரோநொடிகளில் எண்ணிவரும் 64 பிட் நேரமுத்திரை, பாதுகாப்பு முறை ஆகியன அதில் அடங்கும். பெயர் மறைக்கப்பட்டாலும் முகவரி மறைவதில்லை. உணரிக் கருவி அலைத்தடங்களை மாறிமாறிக் கேட்டு, கேட்டவற்றை அனுமதிப் பட்டியலுடன் ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லாதவை அனைத்தும் ஐயத்திற்குரியவை எனக் கொண்டால் இப்பணி இத்துடன் முடிந்துவிடும். ஆனால் அவ்வாறு கொள்ளுதல் தவறாகும்.

வகைப்படுத்தல்

நகரின் நடுவிலுள்ள கல்லூரி ஒன்றைக் கருதுவோம். எதிரிலுள்ள தேநீர்க்கடையின் வைஃபையும், மாணவர் கைப்பேசிகளின் ஹாட்ஸ்பாட்டும், ஆய்வகத்தில் எவரோ செருகிய ரௌட்டரும் உணரிக்கு ஒன்றுபோலவே தோன்றும். முதல் இரண்டும் கல்லூரியின் கம்பிவழி வலையமைப்பைத் தொடுவதில்லை, மூன்றாவது தொடுகிறது. ஆகவே வகைப்படுத்தலின் முதல் வினா அலையைப் பற்றியதன்று, கம்பியைப் பற்றியது.

ஐயத்திற்குரிய கருவி பாலமாக மட்டும் இயங்கினால், அதனுடன் இணைந்த கணினிகளின் முகவரிகள் சுவிட்சின் முகவரி அட்டவணையில் அப்படியே தோன்றும். ரௌட்டராக இயங்கி முகவரி மாற்றம் செய்தால் அவை மறைந்துவிடும். அப்போதும் ஒரு தடயம் எஞ்சுகிறது. இயங்குதளங்கள் பொதியின் ஆயுள் எண்ணைப் பெரும்பாலும் 64 அல்லது 128 எனத் தொடங்குகின்றன. இடையிலுள்ள ரௌட்டர் ஒன்றைக் குறைக்கிறது. கணினி நேரடியாக இணைந்திருக்க வேண்டிய சுவிட்சுத் துளையில் 63 அல்லது 127 என்னும் எண் தொடர்ந்து வருமாயின், இடையே வேறொரு கருவி இருப்பதாக ஐயுறலாம். அக்கருவியே ஆயுள் எண்ணைத் திருத்தி அனுப்பினால் இத்தடயமும் அழியும்.

மேற்கண்ட கம்பிச் சோதனை முற்றிலும் தவறவிடும் வகை ‘போலி இரட்டை’ ஆகும். நிறுவனத்தின் வலையமைப்புப் பெயரையே சூடிக்கொண்டு, கைப்பேசி இணைப்பின்வழி இணையம் வழங்கி, பயனரின் கடவுச்சொல்லைக் கவர்வது இதன் நோக்கம். இது கம்பியைத் தொடுவதே இல்லை. முகவரியையும் மென்பொருள் வழியே நகலெடுத்துக்கொண்டால் பட்டியல் ஒப்பீடும் பயனற்றதாகிவிடும். இங்குத்தான் கடிகார விலகல் உதவுகிறது. படிக அலையியற்றிகள் ஒவ்வொன்றும் நுண்ணிய அளவில் வெவ்வேறு வேகத்தில் இயங்குபவை. இரு கருவிகளுக்கிடையே பத்து இலட்சத்தில் 10 பங்கு வேறுபாடு இருப்பினும், ஒரு மணி நேரத்தில் அவற்றின் நேரமுத்திரைகள் 36 மில்லிநொடி விலகிவிடும். பீக்கன் நேரமுத்திரைகளிலிருந்து இவ்விலகலைக் கணித்துப் போலி அணுகுமுனைகளை அடையாளம் காணும் முறையை ஜனா, கசேரா ஆகியோர் 2008இல் முன்வைத்தனர். வெப்பநிலை மாற்றம் விலகலைப் பாதிக்கும் என்பதால், இதனைத் தனிச்சான்றாகக் கொள்வதைவிடத் துணைச்சான்றாகக் கொள்வதே தக்கது.

வகைப்படுத்தலுக்குப் பின்

பல கண்காணிப்பு அமைப்புகள் ‘அத்துமீறியது’ எனக் குறித்த கருவியின் பெயரால் போலித் துண்டிப்புச் சட்டகங்களை அனுப்பி, அதன் பயனர்களை வெளியேற்றும் வசதி கொண்டவை. நாஷ்வில் நகரின் கேலார்ட் ஆப்ரிலாண்ட் விடுதியில் இவ்வசதி விருந்தினர்களின் சொந்த ஹாட்ஸ்பாட்டுகள் மீது ஏவப்பட்டது. அதேவேளை அங்குக் கண்காட்சியாளர்களிடம் வைஃபைக்குக் கருவி ஒன்றுக்கு 250 முதல் 1000 டாலர் வரை கட்டணம் பெறப்பட்டது. அதனை நிருவகித்த மாரியட் நிறுவனம் 2014 அக்டோபரில் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்திற்கு 6,00,000 டாலர் செலுத்த உடன்பட்டது. பாதுகாப்புக்காகவே அவ்வாறு செய்ததாக நிறுவனம் கூறியது. எனினும், பிறருடைய கருவிக்கு ‘அத்துமீறியது’ எனப் பெயரிடுவதாலேயே அதனை முடக்கும் உரிமை பிறந்துவிடாது என்பதே இந்நிகழ்வை வாசிக்கும் முறை எனக் கருதுகிறேன்.

துண்டிப்பு உத்தி நுட்ப அளவிலும் நலிந்து வருகிறது. 2009இல் வெளியான 802.11டபிள்யூ திருத்தம் மேலாண்மைச் சட்டகங்களுக்குப் பாதுகாப்பு அளித்தது. 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 அதனைக் கட்டாயமாக்கியது. அப்பாதுகாப்புள்ள இணைப்பில் போலித் துண்டிப்புச் சட்டகம் புறக்கணிக்கப்படும். எனவே கம்பியில் இணைந்த கருவியாயின் உரிய சுவிட்சுத் துளையை மூடுவதும், போலி இரட்டையாயின் அலைவலிமையைப் பின்தொடர்ந்து சென்று அது வைக்கப்பட்டுள்ள அறையைக் கண்டுபிடிப்பதுமே நிருவாகியிடம் எஞ்சும் வழிகளாகும்.