சொல் அறிவோம்: அஜாக்கிரதை



"ஏண்டா இப்படி அஜாக்கிரதையா இருக்கே?" வீட்டிலும் பள்ளியிலும் நாம் அடிக்கடி வாங்கும் திட்டு இது. அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கு தெரியுமா?

'ஜாக்கிரதை' வடமொழியிலிருந்து வந்தது. விழித்திருத்தல் என்று பொருள். முன்னால் 'அ' சேர்ந்தால் எதிர்ப்பொருள். நீதி - அநீதி மாதிரி. ஆக, கண் திறந்திருந்தும் விழிப்பில்லாத நிலைதான் அஜாக்கிரதை!

இதுவும் 'அசட்டை'யும் ஒன்றல்ல. ரயில்வே கேட் மூடியதைக் கவனிக்காமல் போனால் அஜாக்கிரதை. "கேட் மூடியாச்சு, போகாதே" என்று சொல்லியும் குனிந்து புகுந்தால் அசட்டை. வர்ற ரயிலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்!

தமிழில் 'கவனக்குறைவு', 'விழிப்பின்மை' என்று எழுதலாம். வள்ளுவர் சொன்ன சொல் 'பொச்சாப்பு'. அதைத் தவிர்க்கச் சொல்லி 'பொச்சாவாமை' என்று 54-வது அதிகாரமே வைத்திருக்கிறார். மகிழ்ச்சி மயக்கத்தில் வரும் மறதி, அளவு மீறிய கோபத்தைவிடக் கெட்டது என்கிறது அதன் முதல் குறள். காலாண்டில் நல்ல மார்க் வந்த சந்தோஷத்தில் அரையாண்டுக்குப் படிக்காம விடறோமே, அதுதான்!

2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கூடத்தில் பற்றிய தீ ஓலைக் கூரைக்குப் பரவி, 94 குழந்தைகள் இறந்தார்கள். நம்மைப்போல் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். ஓலை எரியும் என்று தெரியாதவர் உண்டா? எல்லோருக்கும் தெரியும். விழிப்புதான் இல்லை.

இனி 'ஜாக்கிரதை' என்ற பலகையைப் பார்த்தால், 'விழித்திரு' என்று படியுங்கள்!