மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

காலை நேரத்தில் கோவளம் ஜங்ஷனில் நின்றால் காலேஜ் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகும். வடக்கே கானாத்தூரில் கடல்சார் பல்கலைக்கழகம். மேற்கே உப்பளங்களைத் தாண்டினால் கேளம்பாக்கம், படூர், காலவாக்கம் என்று பொறியியல் கல்லூரிகள். புதுப்பாக்கத்தில் அரசு சட்டக் கல்லூரி. குப்பத்திலிருந்து முதல் பட்டதாரியை அனுப்பும் மீனவர் வீடானாலும், திருநெல்வேலியிலிருந்து பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுப்போன வீடானாலும், பயப்படுவது ஒரே அழைப்புக்குத்தான்: "நாளைக்கு பேரண்ட்ஸ் வந்து டீனைப் பார்க்கணும்."

போனதும் நடப்பது ஊருக்கே தெரியும். அப்பா எல்லார் முன்னாலும் பையனைத் திட்டுவார், ஒரு அறையும் விடுவார். அம்மா கும்பிட்டு அழுவார். "லெட்டர் எழுதிக் கொடுத்துடுங்க, முடிச்சிடலாம்" என்று ஒரு வெள்ளைத்தாள் வரும். "நான் செய்தது தவறு. இனி இப்படி நடக்காது. மீறினால் நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்." பையன் எழுத, அப்பா கீழே கையெழுத்துப் போடுவார். விஷயம் முடிந்தது என்று நிம்மதியாக பஸ் ஏறுவார்கள்.

முடியவில்லை. ஃபைலில் முதல் தாளே அதுதான். மறுவாரம் விசாரணைக் கமிட்டி உட்காரும்போது, 'இவனே ஒப்புக்கொண்டுவிட்டான்' என்று எடுத்து வைப்பார்கள். போலீஸ் கேஸ் ஆனால் இன்னும் மோசம். போலீஸ் அதிகாரியிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க நம் சாட்சியச் சட்டம் அனுமதிப்பதில்லை. பிரின்சிபாலிடம் கொடுத்த கடிதத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நீதிமன்றம் அதைப் படித்துப் பார்க்கலாம். 2024 ஆகஸ்ட் கடைசியில், இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் பொத்தேரியில் மாணவர்கள் தங்கியிருந்த குடியிருப்புகளில் போதைப்பொருள் தேடி பெரும் போலீஸ் படை நுழைந்ததே, நினைவிருக்கும். அப்படி ஒரு நாளில் காலேஜ் விசாரணையும் கிரிமினல் வழக்கும் இரண்டு தண்டவாளங்களில் ஓடும். ஒன்றில் எழுதிக் கொடுத்தது மற்றதில் போய் நிற்கும்.

ஒன்றுமே எழுதாமல் முரண்டு பிடிக்கச் சொல்லவில்லை. எழுதலாம், நடந்ததை மட்டும். "இன்ன தேதி, இன்ன இடத்தில் நான் இருந்தேன், எனக்குத் தெரிந்தது இது. என் மீதான குற்றச்சாட்டை எழுத்தில் தந்தால் பதில் தருகிறேன்." இதை எழுத ஒரு ராத்திரி அவகாசம் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கொடுத்த தாளின் நகலில் 'பெறப்பட்டது' என்று தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். தராவிட்டால் அதையே அன்றைக்கே இமெயிலில் அனுப்புங்கள்.

கமிட்டி என்றதும் கோர்ட் மாதிரி வக்கீல், குறுக்கு விசாரணை என்று எதிர்பார்க்கும் பெற்றோர் உண்டு. ராஞ்சி ராஜேந்திரா மருத்துவக் கல்லூரி வழக்கை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாணவிகள் விடுதிக்குள் ராத்திரியில் புகுந்ததாகச் சில மாணவர்கள் மீது புகார். கமிட்டி மாணவிகளைத் தனியாக விசாரித்தது. பையன்கள் அங்கே இல்லை. வேறு பல மாணவர்களின் போட்டோக்களோடு இவர்கள் போட்டோவையும் கலந்து வைத்து அடையாளம் காட்டச் சொன்னது. பிறகு பையன்களைக் கூப்பிட்டுக் குற்றச்சாட்டைச் சொல்லி விளக்கம் கேட்டது. இரண்டு ஆண்டு வெளியேற்றம். 'எங்கள் முன்னால் சாட்சி சொல்லவில்லையே' என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அந்த விடுதியில்தான் அந்தப் பெண்கள் தொடர்ந்து வாழ வேண்டும், எதிரில் நிறுத்தினால் யார் வாய் திறப்பார்கள் என்று கேட்டு, 1973-ல் கமிட்டி செய்தது சரிதான் என்றது கோர்ட். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

ஆனால் குற்றச்சாட்டைச் சொல்லாமல், பதில் கேட்காமல் தண்டிக்க முடியாது. தேர்வில் முறைகேடு என்று மாணவர்களைக் கேட்காமலே ரிசல்ட்டை ரத்து செய்த உத்தரப் பிரதேசத் தேர்வு வாரியத்தின் உத்தரவு 1962-லேயே உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஹால் முழுக்கக் கூட்டாகக் காப்பி அடித்த வழக்கில் மட்டும், ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டியதில்லை என்று அதே கோர்ட் 1970-ல் சொன்னது.

ராகிங் தனி உலகம். 1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். மறு ஆண்டே தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது: இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றால் டிஸ்மிஸ், வேறு எந்தக் கல்லூரியிலும் இடமில்லை. அதற்குமேல் யு.ஜி.சி.யின் 2009 விதிகள் இருக்கின்றன. வகுப்பிலிருந்து சஸ்பென்ஷன், ஹாஸ்டல் நீக்கம், ஒன்று முதல் நான்கு செமஸ்டர் வரை வெளியேற்றம் என்று தண்டனைப் பட்டியல் நீளும். செய்தவர் யாரென்று தெரியாவிட்டால் கூட்டுத் தண்டனையும் உண்டு. 'என் பையன் பக்கத்தில் சும்மா நின்றான்' என்று சொல்லித் தப்பிப்பது கஷ்டம். இணைப்புக் கல்லூரி தண்டித்தால் துணைவேந்தரிடம் அப்பீல் போகலாம். பல்கலைக்கழகமே தண்டித்தால் வேந்தரிடம். ஆண்டுதோறும் பெற்றோரும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி தர வேண்டும் என்பதும் அதே விதிதான். பல வீடுகளில் அப்பாவுக்கும் சேர்த்து பையனே ஆன்லைனில் தட்டிவிடுகிறான்!

உங்கள் பிள்ளை பாதிக்கப்பட்ட பக்கம் என்றாலும் எல்லாம் எழுத்தில்தான். ராகிங் புகாருக்கு 1800-180-5522. பாலியல் துன்புறுத்தல் என்றால் உள்ளகப் புகார்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். குழு 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும். 'பெண் பிள்ளை பெயர் கெட்டுப்போகும், பேசித் தீர்த்துக்கலாம்' என்று இழுத்தடிப்பவர்களுக்கு இந்த மூன்று மாதக் கெடு நன்றாகவே தெரியும்.

இன்னொரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: "டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க, இல்லேன்னா டி.சி.யில நடத்தை சரியில்லைன்னு எழுதிடுவோம்." உத்தரவு எங்கே என்று கேளுங்கள். உத்தரவு இருந்தால்தானே அப்பீல் போக முடியும்? தாமாக டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்தவர் எதை எதிர்த்துப் போவார்? சான்றிதழ்களைப் பிடித்து வைத்தால், 2023 யு.ஜி.சி. விதிப்படி மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் புகார் கொடுக்கலாம். அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் முடிவு கைக்கு வந்த 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பர்சனிடம் முறையிட வேண்டும்.

'தனியார் பல்கலைக்கழகம், யாரும் கேள்வி கேட்க முடியாது' என்பதும் பொய். காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் மீதும் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைக் கொண்டுவந்தவர் ஒரு விரிவுரையாளர், பலன் மாணவர்களுக்கும்தான்.

வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் செங்கல்பட்டு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. சட்ட உதவிக்கான போன் எண் 15100. டீன் அறைக்குப் போகும் முன்பே கூப்பிடுங்கள்.